அடித்தண்ணீர்

மறுபடியும் உள்ளே போய்விட்டார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு என் உள்ளங்கைக்குள் ஓடுகிறது, ஓடட்டும், பிடித்து நிறுத்தக்கூடாது. கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் கயிறு விடு என்று அர்த்தம், இரண்டு சுண்டினால் மேலே இழு என்று அர்த்தம், சுண்டவே இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன், "அப்ப நான் வேல செய்யறேன்னு அர்த்தம், நீ வாய மூடிக்கிட்டு உக்காரு பாப்பா" என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என் வீட்டுக்காரர். இந்த அணையில் பரிசல் ஓட்டுகிறவர்களிடம் சென்றாயன் என்று சொன்னால் முதலில் அவர் வாய்தான் ஞாபகம் வரும், அப்புறம்தான் அவர் வலை. கயிறு நின்றுவிட்டது. கிளையைப் பிடித்திருப்பார். தண்ணீருக்குள் நிற்கிற புளியமரம், இலையும் பட்டையும் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, மரம் மட்டும் போகமாட்டேன் என்று நிற்கிறது, அதில்தான் ராத்திரி எங்கள் வலை மாட்டிக்கொண்டது. மாசி பிறந்தும் பனி விடவில்லை. துடுப்பை நீட்டினால் அதன் நுனி எனக்குத் தெரியவில்லை. கரை எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்று நேற்றுக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், இன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு சொல்லத் தெரியவில்லை. விரலை விட்டுப் பார்க்கிறேன். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, வெளிக்காற்றின் குளிரில் அப்படி ஏமாற்றும், முழங்கை வரைக்கும் விட்டால் தெரியும் அதன் குணம். அவர் முழங்கை அளவா போயிருக்கிறார். அவர் போனது இரண்டு ஆள் ஆழம். நெஞ்சில் வலி இருக்கிற மனுஷன். இல்லை, அதை நினைக்காதே. கயிற்றைப் பார். கயிறு சும்மா கிடக்கிறது. வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

இந்த இடமே வேண்டாம் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். பனிக்காலத்தில் மீன் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் இந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறேன். குளிர் ஏற ஏற அது மேலே வராது, மேயாது, அலையாது, அடியில் போய் எங்காவது ஒரு மறைவில் ஒண்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வலை என்பது ஓடுகிற மீனுக்குத்தான். ஓடாத மீன் எப்படி வந்து கண்ணியில் தலையைக் கொடுக்கும். அதனால் பனிக்காலத்தில் அவசரப்படாதே, வெயில் ஏறட்டும், பாறைப்பக்கத்து ஆழமில்லாத தண்ணீர் மதியத்துக்கு மேல் சூடாகும், சூடு தேடி கெண்டையும் ஜிலேபியும் அங்கே வரும், அப்போது வலையை விட்டுத் துடுப்பால் தண்ணீரை அடித்துக் கலைத்தால் போதும் என்பது என் கணக்கு. "பொடி மீனு புடிக்கற கணக்கு" என்பார் அவர். அவருக்குக் கட்லாதான் மீன், மற்றதெல்லாம் குழம்புக்கு. மீன் நம்மிடம் வராவிட்டால் நாம்தான் அதன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லி, மிதவைக்கும் வலைக்கும் நடுவில் நீளமாகக் கயிறு கோத்து, வலையை இரண்டு ஆள் ஆழத்துக்கு இறக்கி, கல்லைக் கூடுதலாகக் கட்டி, சரியாக இந்த மரத்தை உரசுகிற மாதிரி விட்டார். உரசினால்தான் மீன், தள்ளிப் போட்டால் வெறும் தண்ணீர் என்றார். நேற்று மற்றவர்கள் வெறும் வலையைத் தூக்கிக்கொண்டு போன காலையில் எங்கள் பரிசலில் மட்டும் இரண்டு கட்லா கிடந்தது, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். துறையில் எல்லாரும் எங்கே போட்டாய் என்று கேட்டார்கள். பாலத்துக்கிட்ட என்று கூசாமல் சொன்னார். நானும் தலையாட்டினேன். இடத்தைச் சொல்லிவிட்டால் நாளைக்கு இங்கே பத்துப் பரிசல் நிற்கும், மரத்தைச் சுற்றி வலையாகக் கட்டிவிடுவார்கள், பனிக்காலம் முடிகிற வரைக்கும் நமக்குப் பிழைப்பு இதுதான், சத்தம் காட்டாதே, இருமக்கூட இருமாதே என்று எனக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இருமக்கூட. அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, நேற்று மரத்துக்கு மேலே நின்ற தண்ணீர் இன்றைக்கு அதைவிடக் குறைவு, ராத்திரியில் வலை தொய்ந்து கிளைக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. இது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கயிறு இன்னும் அசையவில்லை.

வந்துவிட்டார். அப்பாடா. தலை மேலே வந்ததும் வாயைத் திறந்துகொண்டு காற்றை விழுங்குகிறார், விளிம்பில் கையைப் போட்டுத் தொங்குகிறார், உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருக்கிறது. போதும் மாமா, மேலே வாங்க என்கிறேன். ஒரு பக்கம் கழன்றுவிட்டதாம், இன்னும் ஒரே ஒரு கிளைதான் பாக்கியாம். அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்துக் காட்டினேன். கத்தியைப் பார்த்தாரே ஒரு பார்வை, நான் ஏதோ அவர் கழுத்தை அறுக்கப்போகிற மாதிரி. வலையை அறுத்தவள் என்று எனக்கு ஊரில் பெயர் வரவேண்டாமாம். ஊர் இருக்கட்டும், உங்களுக்கு மூச்சு வாங்குகிறதே என்றேன். விளிம்பைப் பிடித்திருந்த வலது கையை எடுத்து இடது தோளைப் பிசைந்தார், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி கையை மாற்றிக்கொண்டார். என்னிடமா நடிக்கிறீர்கள். "வலிக்குதா?" என்றேன். "தண்ணிக்குள்ள இருக்கறவனுக்கு வலிக்காம, குளுகுளுன்னா இருக்கும்? பயந்தாங்கொள்ளிக்குப் பொறந்தவளே" என்று சிரித்தார். சிரித்தபடியே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார். உள்ளங்காலின் வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பயந்தாங்கொள்ளிதான். யார் இல்லை என்றது. எனக்குப் பல்லியைக் கண்டால் பயம், இடிக்குப் பயம், பெண் பஸ் ஏறிப் போய் போன் பண்ணாவிட்டால் பயம். ஆனால் இந்தப் பயம் அதெல்லாம் இல்லை. இது தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து, வேர்த்துப்போய், ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அன்றைக்கு வந்து என் வயிற்றில் குடியேறிய பயம். அதற்கப்புறம் போகவேயில்லை. சோறு தின்கிறபோதும் என்னோடு உட்கார்ந்து தின்கிறது.

வாயு என்றார். ஓமத்தண்ணீர் குடித்தார், சோடா குடித்தார், பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துக் குடித்தார், ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, போச்சு பார் என்றார். நான்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா சின்ன வயசு, நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தது, பார்த்துவிட்டு அவரிடம் பேசாமல் என்னிடம் பேசியது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும்போல, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள், பாரம் தூக்கக்கூடாது, குளிர்ந்த தண்ணீரில் இறங்கவே கூடாது என்றது. வெளியே வந்து மரத்தடியில் நின்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீரில் இறங்காமல் மீனை மரத்திலா பறிப்பது என்று கேட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வளர்மதிக்கு இது தெரியவே கூடாது, பெண்ணுக்கு ஐந்தாம் மாசம், வளைகாப்பு முடியட்டும், அப்புறம் நீ எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன் என்றார். வளைகாப்பு முடிந்தது. பிரசவம் முடியட்டும் என்றார். நான் தினம் கேட்டேன், காலையில் கேட்டேன், படுக்கும்போது கேட்டேன், ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டேன். இந்தப் பேச்சை எடுத்தால் பரிசலிலிருந்து குதித்துவிடுவேன் என்றார். சரி என்று நானும் விட்டேன். ஏன் விட்டேன். அவர் வர மறுக்கிற வரைக்கும் அது பெரிய வியாதி இல்லை என்று எனக்குள்ளேயே ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேனோ. இருக்கும். அவர் வாய் பேசுகிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று இந்த மனசு நம்பிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்த வாய் தண்ணீருக்குள் இருக்கிறது. கயிறு, கயிறு. கொஞ்சம் தளர்ந்திருக்கிறதா. முன்னே விறைப்பாக இருந்தது. ஒருவேளை மேலே வருகிறாரோ என்னவோ, மேலே வந்தால் தளரத்தானே செய்யும்.

பாட்டுக் கேட்கிறது. பனிக்குள் எங்கோ போனில் பாட்டு ஓடுகிறது, சத்தமாக வைத்திருக்கிறான், தம்மண்ணனாகத்தான் இருக்கும். தனியாகப் பரிசல் ஓட்டுகிறவன் அவன் ஒருத்தன்தான், பெண்சாதி இல்லாத குறைக்குப் பாட்டை வைத்துக்கொண்டு அலைகிறான். துடுப்புச் சத்தமும் கேட்கிறது. வெகு தூரம் இல்லை. கூப்பிட்டால் வருவான், நல்ல பிள்ளை, நாக்குத்தான் ஓட்டை, மத்தியானத்துக்குள் இந்த மரம் அணை முழுக்கத் தெரிந்துவிடும். இருமாதே என்றார். நான் இருமவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன், மூச்சைக்கூட மெதுவாக விட்டேன், துடுப்பைத் தண்ணீரில் சத்தம் வராமல் பிடித்தேன். போ தம்மண்ணா, நல்லபடியாகப் போ, இங்கே ஒன்றும் இல்லை. இதோ வந்துவிடுவார், வந்ததும் சொல்வேன், உங்கள் ரகசியத்தைக் காப்பாற்றினேன் பாருங்கள் என்று. மெச்சிக்கொள்வார். பாட்டு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிறது. அவன் சுற்றுகிறானா நான் சுற்றுகிறேனா. பரிசலுக்கு முகமும் முதுகும் கிடையாது, சும்மா விட்டால் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும், கரையோ மலையோ தெரிந்தால் திரும்புவது தெரியும், பனியில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது. பாட்டு மெலிந்துபோனது. துடுப்புச் சத்தம் நின்றுபோனது. இன்னும் வரவில்லை அவர். இவ்வளவு நேரம் முன்பு ஆகவில்லை. ஆகியிருக்குமோ, பயத்தில் எனக்கு நீளமாகத் தெரிகிறதோ. நானும் மூச்சைப் பிடித்துப் பார்க்கிறேன், அவர் போனதிலிருந்து பிடித்திருந்தால் இந்நேரம் நான் செத்திருப்பேன். என்ன வார்த்தை அது. வாயைக் கழுவு.

இரண்டு சுண்டு சுண்டினேன். மேலே வாங்க என்று நானும் சொல்லலாமே, கயிற்றுக்கு இரண்டு முனை இருக்கிறது. பதில் இல்லை. மறுபடி சுண்டினேன், இந்தத் தடவை கயிறு எதிலோ பட்டு உரசியது, ஆள் மேல் பட்ட மாதிரி இல்லை, வேறு எதிலோ, அடிமரத்திலோ எதிலோ. இழுத்துவிடலாமா. இழுத்தால் கிளைக்குள் மாட்டியிருக்கிறவரை இன்னும் இறுக்கிவிடுவேனோ. இழுக்காவிட்டால். இழுத்தால். குப்பனின் பெண்சாதி ராசம்மா இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து பனிக்காலத்துக்கு முன்னால், குப்பன் தன் வலைக்குள் தானே சிக்கிக்கொண்ட அன்றைக்கு, நாங்கள் போனபோது அவள் பரிசலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடு அக்கா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் கொடுக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறார், தொந்தரவு பண்ணாதீர்கள் என்றாள். வெயில் ஏறி, பனி போய், எல்லாப் பரிசலும் வந்து நின்றும் அதையேதான் சொன்னாள். நான் அப்போது அவளைப் பைத்தியம் என்று நினைத்தேன். கயிறு சும்மா கிடந்தால் வேலை செய்கிறார் என்று அர்த்தம். குப்பனும் அவளிடம் அதையேதான் சொல்லியிருப்பானோ. எல்லா ஆண்பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்களோ. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கயிறு இறங்குகிற பக்கத்துத் தண்ணீரையே பார்க்கிறேன், கருப்பாக இருக்கிறது, ஒரு குமிழிகூட வரவில்லை, வந்தால் பயம், வராவிட்டாலும் பயம். வளர்மதிக்கு நான் என்ன சொல்லுவேன். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் யார் போய்ச் சொல்லுவார்கள். அதற்கு இழவு வீட்டுக்குக் கட்டுகிற அந்தக் கருப்புச் சேலையை உடுத்திக்கொண்டு போகக்கூடாது, பார்த்ததும் தெரிந்துகொள்வாள். சீ, எங்கே போகிறது என் புத்தி, மனுஷன் உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறார், நான் இங்கே சேலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் யார் வலை போடுவார், நான் யாருக்குத் துடுப்பு போடுவேன் என்றும் வந்தது. அதையும் நினைத்தேன். பயம் வந்தால் மனசுக்கு வெட்கம் கிடையாது. தம்மண்ணா என்று கூப்பிடு. கூப்பிடு. கூப்பிட்டால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும். வாய் விட்டுச் சொல்லாத வரைக்கும் இது ஒரு சாதாரணக் காலை, என் வீட்டுக்காரர் வலையை எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் ஏன் இப்படிக் குனிந்திருக்கிறேன். தண்ணீரைப் பார்க்கத்தான் குனிந்தேன் என்று நினைத்தேன், ஆனால் முகம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருக்கிறேன், வயிறு தொடையில் அழுந்துகிறது. இப்படிக் குனிந்தால் பரிசல் இந்தப் பக்கம் சாயவேண்டும். சாயவில்லை. சமமாக நிற்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை, அவர் ஒரு பக்கம் வலைக்குச் சாய்ந்தால் நான் மறுபக்கம் சாயவேண்டும், எவ்வளவு சாய்கிறாரோ அவ்வளவு, இல்லாவிட்டால் பரிசல் கவிழ்ந்துபோகும். முதலில் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சாய்ந்தேன், அப்புறம் அதைப் பார்ப்பதே இல்லை, உடம்பு தானாகச் செய்துகொள்கிறது, பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் குனிந்து செருப்பை மாட்டினாலும் எனக்கு முதுகு தானாக மறுபக்கம் போகும், அதைப் பார்த்து வளர்மதி சிரிப்பாள். அப்படியானால் இப்போது எனக்கு முதுகுப்பக்கம் யாரோ கனமாகச் சாய்ந்திருக்கிறார்கள். திரும்பினேன். விளிம்புக்கு மேலே ஒரு கை, அந்தக் கைக்குப் பக்கத்தில் அவர் நெற்றி. எந்நேரம் வந்தாரோ. பரிசல் திரும்பியிருக்கிறது, கயிறு அடியில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, நான் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு செத்துச் செத்துப் பிழைக்கிறபோது மனுஷன் எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் சத்தம் வராமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கூப்பிடக்கூட மூச்சு இல்லை. மூச்சு உள்ளே போகிறபோது விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருகிறது. வாய் திறந்திருக்கிறது, அந்த வாயில் வார்த்தை இல்லை.

அவர் பக்கம் ஓடவேண்டும் என்று உடம்பு துடித்தது, ஓடினால் இரண்டு பேரும் முழுகுவோம். பரிசலில் இருக்கிற ஒருத்தியால் தண்ணீரில் இருக்கிற ஆண்பிள்ளையைத் தூக்கிப் போட முடியாது, விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். படுத்துக்கொண்டேன். காலை எதிர்ப்பக்கம் நீட்டி, பலகையில் கொடுத்து, வயிற்றால் ஊர்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், கயிற்றால் விளிம்பு மூங்கிலோடு சேர்த்துக் கட்டினேன், முடிச்சு விழவில்லை, மறுபடி போட்டேன். அடியில் சுற்றியிருந்த மிச்சக் கயிற்றை வெட்டினேன். பரிசலை வலையோடு கட்டியிருந்த கயிற்றில் கத்தியை வைத்தேன். பார்த்தார். அறுத்தேன், புது வலை, மிதவையோடு அப்படியே பின்னால் போய்விட்டது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம்தான் "தம்மண்ணா" என்று கத்தினேன். "புளியமரத்துக்கிட்ட இருக்கறோம் தம்மண்ணா, தண்ணிக்குள்ள நிக்குதே அந்த மரம், மாமாவுக்கு முடியல, ஓடியா" என்று எங்கள் ரகசியத்தை அணை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. மறுபடி கத்தினேன். எங்கோ தொலைவில், யார் அது என்று ஒரு குரல். அவன் கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். எனக்குக் கரை தெரியவில்லை தம்மண்ணா, பாட்டைப் போடு, சத்தமாகப் போடு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். அப்புறம் பாட்டு வந்தது.

துடுப்பைப் போட்டேன். ஒரு பக்கம் ஆள் தொங்குகிற பரிசல் நேராகப் போகாது, அந்தப் பக்கமே சுற்றும், இரண்டு தடவை வலித்தால் ஒரு தடவை எதிரில் வலிக்கவேண்டும், பாட்டு வலது காதுக்குப் போனால் திருப்பவேண்டும், இடது காதுக்குப் போனால் திருப்பவேண்டும். பேசுங்க மாமா என்றேன். எதையாவது பேசுங்க, என்னைத் திட்டுங்க, வலையை அறுத்துட்டேன் பாருங்க, திட்டுங்க. விசில் சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தம் நிற்காமல் வருகிறதா என்று ஒரு காது, பாட்டு எந்தப் பக்கம் என்று ஒரு காது, இரண்டையும் வைத்துக்கொண்டு வலித்தேன். தோள் எரிந்தது. நான் வலிக்க வலிக்கப் பரிசல் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது, பனியில் நகர்வதும் நிற்பதும் ஒன்றுதான். ஏதோ சாமி பெயரெல்லாம் சொன்னேன், எல்லாம் கலந்து போய்விட்டது, நடுவில் அந்த டாக்டரம்மாவையும் கும்பிட்டேன். இப்படியே காலம் முழுக்க வலித்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்த விசில் நிற்கவேண்டாம். கரை வராவிட்டாலும் சரி. இல்லை, கரை வரவேண்டும். பாட்டு பெரிதானது. தம்மண்ணன் தண்ணீரில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. துடுப்பு சேற்றில் குத்தி நின்றது.

குதித்தேன். முட்டி அளவுதான் தண்ணீர். மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். அவருக்குத் தரை தட்டுவதே தெரியவில்லை, முட்டி போட்டபடி சேற்றில் இருந்துகொண்டு விளிம்பை விடாமல் பிடித்திருந்தார், விட்டால் முழுகிவிடுவோம் என்கிற மாதிரி. நிலம் வந்துவிட்டது, விடுங்க என்றேன். விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன், ஒன்றைப் பிரித்தால் முன்னே பிரித்தது போய் மறுபடி பிடித்துக்கொண்டது, சின்னப் பிள்ளை கையைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அந்தக் கை என் தோளைப் பிடித்துக்கொண்டது. தம்மண்ணன் மறுபக்கம் தாங்கினான், பாட்டை நிறுத்த மறந்துவிட்டான், அவன் சட்டைப்பையில் யாரோ பாடிக்கொண்டே இருந்தார்கள். வண்டி கொண்டுவரட்டுமா அக்கா என்று கேட்டான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வார், வாயுடா இது, கொஞ்சம் சோடா வாங்கிக் கொடு, இவ ஒரு பயந்தாங்கொள்ளி என்று சொல்வார், அதற்கு என்ன சண்டை போடுவது என்று எனக்குள் வார்த்தை தயாராகிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மூச்சை இழுத்து மறுபடி திறந்தார்.

"பாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

தீபாவளியிலிருந்து இந்த வார்த்தைக்காக நான் எவ்வளவு கெஞ்சியிருப்பேன், அழுதிருப்பேன். அது இப்போது காதில் விழுந்துவிட்டது. பனிக்குள் தனியாக இருந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.